நாற்பத்திரண்டாம் நாளுக்குப் பிறகு

ஜனவரி 4
நாள் 1. எடை 42 கிராம். இறப்பு 0. கழிவு 0.

ஒற்றைக் குஞ்சுக்கு நோட்டுப் போடுகிற காலம் வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் பிராய்லர் கம்பெனியில் சூப்பர்வைசர் நான். பல்லடத்தைச் சுற்றி என் கால் படாத கோழிச் செட் கிடையாது. ஒரு செட்டில் ஆறாயிரம் குஞ்சு விடுவோம். தினமும் வயது, எடை, தீவனம் எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். தானாகச் செத்தால் ‘இறப்பு’ கட்டத்தில் எழுத வேண்டும். இனித் தேறாது என்று நாங்களே கழுத்தைத் திருகிப் போட்டால் ‘கழிவு’ கட்டத்தில் எழுத வேண்டும். முட்டி வலியால் வேலையை விட்டு ஐந்து வருடம் ஆகிறது. கை மட்டும் இன்னும் கட்டம் போடுகிறது.

வந்து சேர்ந்த இடம் கோவையில் ஒரு பழைய மில்லின் பஞ்சு குடோன். மெஷினெல்லாம் போய், சுவருக்கு வெள்ளையடித்து, கலைக்கூடம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். நடத்துகிற பெண் மிருதுளா. கோழி வளர்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தீவனக் கடையில் விசாரித்து என்னைப் பிடித்தாள். ஏதோ பண்ணை என்று நினைத்து வந்தேன். இங்கே நடுக்கூடத்தில் ஒரு கண்ணாடி அறை. தரையில் தேங்காய் நார்த்தூள், மேலே பல்பு, ஒரு தீவனத் தட்டு, ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒரு குஞ்சு. இதுதான் கலையாம்.

கலைஞர் பெயர் தேவசகாயம். சென்னைக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும், லண்டனில் படித்தவர். என்னைப் பார்த்ததும் ‘துளசிமா’ என்றார். என் பெயர் துளசிமணி. திருத்தினேன். மறுபடியும் துளசிமா என்றார். விட்டுவிட்டேன்.

பிராய்லர் கோழி நாற்பத்திரண்டாம் நாள் கறிக்கடைக்குப் போகும். அதனால் படைப்பின் பெயர் ‘நாற்பத்திரண்டு’. வாசலில் இரண்டு கூடை நிறைய வில்லைகள். வெள்ளை என்றால் வாழட்டும், சிவப்பு என்றால் வெட்டு. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக் கண்ணாடிக் குழாயில் போட வேண்டும். கடைசி நாள் எண்ணிப் பார்த்து, சிவப்பு ஜெயித்தால் எல்லோர் கண்முன்னால் வெட்டிக் குழம்பு வைத்துப் பரிமாறுவார்களாம். நிபந்தனைகள்: பண்ணையில் போடுகிற அதே தீவனம், அதே வெளிச்சம். பெயர் வைக்கக் கூடாது. கொஞ்சக் கூடாது. பார்வையாளர்களிடம் நான் வாயைத் திறக்கக் கூடாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஒன்று மட்டும் கேட்டேன்.

“செவப்பு ஜெயிச்சாக் கொழம்பு. வெள்ளை ஜெயிச்சா என்னங்க தம்பி?”

“வாழும்.”

“எங்கீங்க?”

அவர் சிரித்தார். “துளசிமா, நாப்பத்திரெண்டாவது நாளோட படைப்பு முடிஞ்சிடுது.”

படைப்பு முடிந்தால் கோழியும் ஆவியாகிவிடும் என்று நினைத்திருக்கிறார் போல.

ஜனவரி 5
நாள் 2. எடை 54. இறப்பு 0. கழிவு 0.

கத்துகிறது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை கத்துகிறது.

ஜனவரி 6
நாள் 3. எடை 72. இறப்பு 0. கழிவு 0.

தனிக் குஞ்சு கத்தத்தான் செய்யும். ஆறாயிரத்தில் ஒன்றாக வளர வேண்டியது. சின்னக் கண்ணாடி ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்தேன். தன்னைப் பார்த்து இன்னொரு குஞ்சு என்று நினைத்து ஒட்டிக்கொண்டு தூங்கிவிட்டது. தேவசகாயம் வந்து அந்தக் கண்ணாடியை எடுத்துப் போய்விட்டார். துணை இருந்தால் தனிமை தெரியாமல் போய்விடுமாம். தனிமை தெரிய வேண்டுமாம். ஒரு கைப்பிடி அளவு இருக்கிற உயிருக்கு அதைத் தெரியவைத்து இவருக்கு என்ன ஆகப்போகிறது?

இன்னும் தீவனம் எடுக்கப் பழகவில்லை. நார்த்தூள் மேல் செய்தித்தாளை விரித்து, தீவனத்தைத் தூவி, விரலால் தட்டினேன். சத்தம் கேட்டு ஓடி வந்து கொத்தியது. செட்டில் எல்லோரும் செய்கிறதுதான், இதில் கொஞ்சல் ஒன்றும் இல்லை.

நாற்காலியைக் கண்ணாடி ஓரமாகப் போட்டுக்கொண்டேன். என் முட்டிக்கு அந்த இடம்தான் சௌகரியம். நான் அங்கே உட்கார்ந்தால் கத்துவது நிற்கிறது. அது தற்செயல்.

ஜனவரி 8
நாள் 5. எடை 118. இறப்பு 0. கழிவு 0.

வாட்ச்மேன் சென்னியப்பன் அண்ணன் கண்ணாடிக்கு முன்னால் குனிந்து “அப்புனு, ஏஞ்சாமி, சாப்புட்டியா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது ஆளுக்கு இது தேவையா? பேர் வைக்கக் கூடாது என்று போட்டிருக்கிறதே, படிக்கத் தெரியாதா என்று கடிந்துகொண்டேன். பேர் வைக்கவில்லை, நம் பக்கத்தில் சின்னப் பையனைக் கூப்பிடுகிற மாதிரி சும்மா கூப்பிட்டேன் என்றார். கறிக்கோழியைச் சும்மாகூடக் கூப்பிடக் கூடாது. இருபத்திரண்டு வருடத்தில் ஒன்றைக்கூட நான் கூப்பிட்டதில்லை.

ஜனவரி 10
நாள் 7. எடை 185. இறப்பு 0. கழிவு 0.

கம்பெனி அட்டவணைப்படி கச்சிதமான எடை. அதுதான் கவலை.

தேவசகாயத்திடம் உட்கார்ந்து விளக்கினேன். இந்த இனத்தைக் கறிக்காகவே உண்டாக்கியிருக்கிறார்கள். நெஞ்சு வளர்கிற வேகத்துக்குக் காலும் இருதயமும் வளராது. தட்டை நிறைத்து வைத்தால் நிறுத்தாமல் தின்னும். நாற்பத்திரண்டு தாண்டினால் கால் மடங்கும், வயிற்றில் நீர் கோக்கும், இல்லாவிட்டால் நின்ற இடத்தில் இருதயம் நிற்கும். இதே இனத்துத் தாய்க்கோழிகளை அளந்து அளந்து தீவனம் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருப்பார்கள். பசியில் வைத்தால் பிழைக்கும். வெள்ளை ஜெயித்தால் இது வாழ வேண்டும் என்றால் இன்றைக்கே தட்டைக் குறைக்க வேண்டும்.

அவர் கண்ணெல்லாம் மின்ன எல்லாவற்றையும் ஒரு புத்தகத்தில் குறித்துக்கொண்டார். “பிரமாதம் துளசிமா. அப்போ வாழட்டும்னு போடுற ஓட்டுதான் கொடூரமான ஓட்டு!” என்றார். பிறகு, இதை யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் ஓட்டு மாறிவிடும் என்றார். தீவனத்தையும் குறைக்கக் கூடாதாம்.

பாம்பு கடிக்கும் என்று சொன்னால் நகர்ந்துகொள்கிறவனைப் பார்த்திருக்கிறேன். நாற்காலி போட்டு உட்காருகிறவனை இன்றுதான் பார்க்கிறேன்.

ஜனவரி 11
நாள் 8. எடை 205. இறப்பு 0. கழிவு 0.

தீவன மூட்டையை நகர்த்தினால் முதுகு பிடிக்கிறது. ஆகையால் இனிக் காலையில் ஒரு கை, மாலையில் ஒரு கை. போகும்போது பல்பையும் அணைத்துவிட்டேன். கரண்டை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

ஜனவரி 16
நாள் 13. எடை 290. இறப்பு 0. கழிவு 0.

வருகிறவர்கள் பார்க்க எடை எழுதிவைக்கிற பலகைக்கு 420 என்று சொன்னேன். மிருதுளா அப்படியே எழுதினாள். இந்த நோட்டில் உள்ளதுதான் நிஜம்.

காணும் பொங்கல். ஊரிலிருக்கிற கூட்டமெல்லாம் இங்கேதான். பட்டுப்புடவையில், வேட்டியில், குடும்பம் குடும்பமாக வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஐயோ பாவம் என்கிறார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெள்ளை வில்லையைப் போட்டாள். புடவையிலிருந்து பிரியாணி வாசம் வந்தது. மதியம் எந்தச் செட்டில் வளர்ந்ததைத் தின்றுவிட்டு வந்தாளோ. அதை வளர்த்ததுகூட நானாக இருக்கலாம். கேட்டுவிட நாக்கு துடித்தது. கையெழுத்துப் போட்டுத் தொலைத்திருக்கிறேனே.

சிவப்பு போடுகிறவர்கள் சிரித்துக்கொண்டே போடுகிறார்கள். வெள்ளை போடுகிறவர்கள் போட்டுவிட்டுச் செல்ஃபி எடுக்கிறார்கள். இரண்டு பேர்மீதும் எனக்கு ஒரே அளவு எரிச்சல்தான்.

ஜனவரி 22
நாள் 19. எடை 560. பலகைக்கு 800. இறப்பு 0. கழிவு 0.

இன்று அது பறந்தது.

தண்ணீர்க் கிண்ணம் உயரமாக இருக்கட்டும் என்று ஒரு பேசினைக் கவிழ்த்து வைத்திருந்தேன். ஓடி வந்து, சிறகை அடித்து, ஒரே எம்பலில் பேசின்மேல் ஏறி நின்றுகொண்டது. பத்தொன்பதாம் நாள் பிராய்லர் நடந்து தட்டுக்குப் போவதே பெரிய காரியம், தின்றுவிட்டு அங்கேயே படுத்துவிடும். இது இறங்கியது, நார்த்தூளைக் கிளறித் தலையிலெல்லாம் போட்டுக்கொண்டு குளித்தது, மறுபடி ஏறியது. சேட்டை. கொண்டை லேசாகச் சிவக்கிறது, சேவல்தான்.

லட்சக்கணக்கில் வளர்த்திருக்கிறேன். ஒன்றுகூட இப்படி எம்பிப் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். எழுதியாயிற்று, இருக்கட்டும்.

ஜனவரி 25
நாள் 22. எடை 690. பலகைக்கு 1,030. இறப்பு 0. கழிவு 0.

ஹேமலதா என்று ஒரு மேடம் வந்தாள். விலங்குகளுக்கு உதவும் சங்கம் நடத்துகிறாளாம். நான் டீ குடிக்கப் போயிருந்த நேரம். அளவுத் தீவனம் போட்ட கோழிக்கு எப்போதும் பசி இருக்கும், காலித் தட்டைக் கொத்திக்கொண்டே இருக்கும். டக் டக் என்று அது கொத்துவதை வீடியோ எடுத்து, ‘கலை என்ற பெயரில் பட்டினிக் கொலை’ என்று போட்டுவிட்டாள். மாலைக்குள் ஊரெல்லாம் பார்த்துவிட்டது. அதில் என் முகமும் இருக்கிறது. டீ டம்ளரோடு வருகிறேன்.

ஜனவரி 26
நாள் 23. எடை போடவில்லை.

வாசலில் நாற்பது பேர். அட்டை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். என்னைப் பார்த்து ஒரு பெண் கொலைகாரி என்றாள். காலேஜ் பிள்ளை. நேராக உள்ளே போய்விட்டேன். அந்த வார்த்தை புதுசு இல்லை எனக்கு. ஆனால் இதுவரை நான் மட்டும்தான் என்னை அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 27
நாள் 24. எடை 780. பலகை பொய் என்று வெளியாகிவிட்டது. இறப்பு 0. கழிவு 0.

தேவசகாயம் தன் கையால் எடை போட்டார். முகம் கறுத்துவிட்டது. என் படைப்பைக் கெடுத்துவிட்டீர்கள், என்னை ஏமாற்றிவிட்டீர்கள் என்று கத்தினார். ஆமாம், ஏமாற்றினேன் என்றேன். மிருதுளா ஒரு மூலையில் நின்று அழுதாள். அவள் அழுகை கோழிக்காகவா கூடத்தின் பேருக்காகவா என்று எனக்கு விளங்கவில்லை.

ஹேமலதாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். கையெழுத்தாவது ஒன்றாவது என்று நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாய்க்கோழிக் கணக்கு, கால், இருதயம், எல்லாம்.

“மேடம், பசியா இருந்தாத்தானுங்க இது உசுரோட இருக்கும். தட்ட ரொப்புனீங்கன்னா அதுவே கொன்னுபோடும்.”

“ஒரு உயிரப் பட்டினி போட்டுட்டு அதுக்கு ஒரு காரணம் வேற சொல்றீங்களா? கம்பெனியில உங்களுக்கு இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?”

“இல்லீங்க. கம்பெனியில ரொப்பத்தான் சொல்லிக் குடுத்தாங்க.”

அவள் காதில் அது ஏறவே இல்லை. கால் மணி நேரம் முன்பு வரை தேவசகாயமும் அவளும் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். இப்போது இரண்டு பேரும் ஒரே கட்சி. தட்டு எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். எப்போதும் நிறைந்திருக்கும் என்று இவர் ஒப்புக்கொண்டார். கேமரா வைத்து இருபத்து நான்கு மணி நேரமும் எல்லோரும் பார்க்கும்படி ஒளிபரப்புவார்களாம், அதற்காக விளக்கு அணையாதாம். சங்கத்து ஆட்கள் முறை போட்டு வந்து தீவனம் வைப்பார்கள். எனக்கு எடை போடுகிற வேலை மட்டும் மிச்சம்.

வேலையை விட்டுப் போகட்டுமா என்று மிருதுளாவிடம் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பாதியில் விட்டுப் போவது என் பழக்கம் இல்லை.

ஜனவரி 31
நாள் 28. எடை 1,060. இறப்பு 0. கழிவு 0.

தீவனத்தோடு மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, பிஸ்கட். அன்பாம். பேசின்மேல் இன்று ஒரு தடவை ஏறியது.

பிப்ரவரி 5
நாள் 33. எடை 1,560. இறப்பு 0. கழிவு 0.

ஏறவில்லை. பேசின் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் தட்டுக்குப் போய்விட்டது.

பிப்ரவரி 6
நாள் 34. எடை 1,650. இறப்பு 0. கழிவு 0.

முறைக்கு வந்த பிள்ளை, அன்று கொலைகாரி என்று கூப்பிட்டவள்தான், “இப்போ பாருங்க எவ்ளோ கொழுகொழுன்னு இருக்கான்” என்று என்னிடம் காட்டினாள். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே சந்தோஷம் அவளுக்கு. நெஞ்சு முடி கொட்டிச் சிவந்திருக்கிறது, கணுக்காலில் புண் வந்திருக்கிறது பார் என்றேன். சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றாள்.

சென்னியப்பன் அண்ணன் டீ வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முட்டி வலிக்காக நல்ல கம்பெனி வேலையை யாராவது விடுவார்களா அம்மிணி என்று கேட்டார். கிளறாதீங்கண்ணா என்றேன். அவர் எழுந்து போனதும் இதை எழுதுகிறேன்.

ஐந்து வருடம் முன்பு, கோழி தின்றால் கொரோனா வரும் என்று புரளி கிளம்பி, கறி வாங்க ஒரு ஆள் இல்லை. தீவனம் போட்டு என்ன செய்வது, குஞ்சுகளைக் காலி பண்ணுங்கள் என்று கம்பெனி சொல்லிவிட்டது. என் பொறுப்பில் இருந்த செட்டில் ஆறாயிரத்து இருநூறு, ஒன்பது நாள் குஞ்சு. ஒன்றுக்கும் சீக்கு இல்லை. ஜேசிபி குழி தோண்டியது. கூடை கூடையாகக் கொண்டுபோய் உயிரோடு கொட்டினோம். நானும் கொட்டினேன். மண் மூடின பிறகும் சத்தம் வந்துகொண்டிருந்தது. மண்ணுக்கு மேலே நின்று கேட்டேன்.

நோட்டில் எப்படி எழுதுவது என்று மேனேஜரைக் கேட்டேன். ‘இறப்பு’ கட்டத்தில் போடு, நோய் என்று போடு என்றார். போட்டேன். இறப்பு 6,200. என் கையெழுத்து.

முட்டி அதற்குப் பிறகுதான் வலித்தது, அது பொய் இல்லை.

பிப்ரவரி 10
நாள் 38. எடை 2,080. இறப்பு 0. கழிவு 0.

உட்கார்ந்த இடத்திலிருந்தே தின்கிறது. தட்டைப் பக்கத்தில் நகர்த்தி வைக்கிறார்கள். மூச்சு இறைக்கிறது.

பிப்ரவரி 14
நாள் 42. எடை 2,480. இறப்பு 0. கழிவு 0.

காதலர் தினமாம், ஜோடி ஜோடியாக வந்திருந்தார்கள். பேப்பர்காரர்கள், டிவிக்காரர்கள், ஒரு கேக் வேறு. எண்ணுவதற்கு முன்னால் கூடத்தில் வேலை செய்கிறவர்களும் போடலாம் என்று தேவசகாயம் பெரிய மனது பண்ணிச் சொன்னார். சென்னியப்பன் அண்ணன் வெள்ளை போட்டார். கை தட்டினார்கள்.

நான் போய் சிவப்பை எடுத்தேன். எல்லோரும் பார்க்கும்படி குழாயில் போட்டேன்.

ஊளையிட்டார்கள். பின்னாலிருந்து ஒருவன் “பழக்கம் விடுமா” என்றான். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. வெளியே வந்ததும் அவரிடம் மட்டும் சொன்னேன். இன்றைக்கே நல்ல கத்தியால் வெட்டினால் ஒரு நிமிடம். இனிமேல் என்றால் ஒரு வாரம், பத்து நாள், அணு அணுவாக. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதை முன்னாலேயே ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் ஒருவருக்குத்தான் கேட்க உரிமை இருந்தது, அவரிடம் நான் சொல்லவில்லை.

வெள்ளை 3,912. சிவப்பு 205. ஒரே கைதட்டல். அழுகிறார்கள், கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். போட்டோவுக்குக் கோழி எழுந்து நிற்கவில்லை. தேவசகாயம் தூக்கிப் பிடித்தார். கால் இரண்டும் தொங்கியது.

கேக் தின்று முடிந்ததும் நான் முதல் நாள் கேட்ட கேள்வி வந்து நின்றது. எங்கே? தேவசகாயத்துக்கு விடிந்தால் விமானம். மிருதுளா ஹேமலதாவைப் பார்த்தாள். சங்கத்தில் நாய்தான் வைத்துக்கொள்வார்களாம், கோழிக்கு இடம் இல்லையாம். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஊளையிட்டவர்கள் உள்பட. அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அதன் இயற்கையான ஆயுள் வரை வைத்துப் பராமரிப்பேன், ஞாயிற்றுக்கிழமை தோறும் சங்கத்து ஆட்கள் வந்து பார்க்கலாம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன். அந்த அறையில் வேறு யாரிடமும் அதைக் கொடுக்க எனக்கு மனது இல்லை.

பிப்ரவரி 16
நாள் 44. எடை 2,510. இறப்பு 0. கழிவு 0.

வீட்டில். பின்கட்டில் நார்த்தூள் போட்டுப் படுக்க வைத்திருக்கிறேன். தீவனத்தைக் குறைத்தேன். காலம் கடந்துவிட்டது என்று எனக்கே தெரியும். துணியைச் சுருட்டி நெஞ்சுக்கு அணை கொடுத்தேன்.

ஞாயிறு என்று ஹேமலதாவும் இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். வாழைப்பழம் ஊட்டி வீடியோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிப்ரவரி 18
நாள் 46. எடை போடவில்லை.

கொண்டை ஊதாவாகிவிட்டது. வயிற்றைத் தொட்டால் தண்ணீர்ப் பை மாதிரி குலுங்குகிறது. பழக்கமான கால்நடை டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். உனக்குத் தெரியாததா துளசிமணி, இழுக்காமல் முடித்துவிடு என்றார்.

ஹேமலதாவிடமும் சொன்னேன். அவளுக்குத் தெரியாமல் செய்யக் கூடாது என்று பட்டது. அவள் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

“நாலாயிரம் பேர் சேர்ந்து காப்பாத்தின உயிர். உங்க கை அது மேல பட்டுச்சுன்னா நான் கேஸ் போடுவேன்.”

பிப்ரவரி 20
நாள் 48.

விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். வாயைத் திறந்து மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தது. ஒரு இறக்கை நார்த்தூளில் விரிந்து கிடந்தது. புண்ணில் எறும்பு. தட்டிவிட்டேன்.

செய்தித்தாளை விரித்து, தீவனம் தூவி, விரலால் தட்டினேன். தலையைத் தூக்கியது. இரண்டு கொத்து கொத்தியது.

“அப்புனு” என்று கூப்பிட்டேன். ஒரே ஒரு தடவை.

பிறகு மடியில் எடுத்து வைத்துக்கொண்டு செய்து முடித்தேன். என் கைக்கு அது தெரியும், ஒரே இழுப்பு. சிறகு கொஞ்ச நேரம் அடித்தது. அடித்து முடிகிற வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

எலுமிச்சைக்குப் பக்கத்தில் கடப்பாரையால் குழி எடுத்தேன். ஒரு கோழிக்கு ஒரு குழி. மண் போட்ட பிறகு அங்கேயே நின்றேன். சத்தம் ஒன்றும் வரவில்லை.

பிப்ரவரி 23

ஞாயிறு. வந்தார்கள்.

“கோழி எங்க?” என்றாள் ஹேமலதா.

“கொன்னுட்டேனுங்க.”

“செத்துப்போச்சா?”

“சாகலீங்க. நாந்தான் கொன்னேன்.”

அவள் முகம் வெளிறிப்போனது. கூட வந்த அந்தக் காலேஜ் பிள்ளை, தின்றுவிட்டீர்களா என்று கேட்டாள். குழியைக் காட்டினேன். நம்பவில்லை. தோண்டிப் பார்த்தார்கள், போனைப் பிடித்துக்கொண்டே. மூன்று நாள் ஆன உடம்பு, தூக்கியதும் வயிற்றிலிருந்து தண்ணீர் ஒழுகியது. அந்தப் பிள்ளை ஓடிப்போய் வேலி ஓரம் வாந்தி எடுத்தாள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள். வயிற்றில் அவ்வளவு தண்ணீர் இருந்ததே, அது நாங்கள் வைத்த தீவனத்தாலா என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் கண்ணு என்றேன். ஹேமலதா கேஸ் போடுவேன் என்று மறுபடி சொல்லிவிட்டு அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். குழியை நான்தான் திரும்ப மூடினேன்.

மதியம் மிருதுளா போன் செய்தாள். தேவசகாயத்துக்குச் செய்தி போயிருக்கிறது. படைப்பு இன்னும் முடியவில்லை என்று இப்போது தோன்றுகிறதாம் அவருக்கு. இந்த நோட்டு வேண்டுமாம், அடுத்த கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டியில் வைக்க. என் கையெழுத்து அசலாக இருக்கிறதாம். நாற்பத்திரண்டோடு முடிந்துவிட்டது என்று அவரிடம் சொல் என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்த நோட்டு எங்கேயும் வராது.

இருபதாம் தேதிக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. இறப்பு என்று போட்டால் பொய். கழிவு என்று போடக் கை வரவில்லை, அது கழிவு இல்லை. மூன்றாவதாக ஒரு கோடு கிழித்துப் புதுக் கட்டம் போட்டேன். ‘கொன்றது’ என்று தலைப்பு எழுதி, கீழே 1 என்று போட்டேன்.

வேலையை விட்டபோது கையோடு கொண்டுவந்த ஐந்து வருடத்துக்கு முந்தைய நோட்டு பரண்மேல் இருக்கிறது. அதிலும் அந்தக் கோட்டைக் கிழிக்க வேண்டும். நாளைக்குக் காலையில் ஏணி கேட்டு வாங்கி இறக்க வேண்டும்.